ரெண்டு பேருக்குத்தான் தெரியும்

உக்காருங்க தம்பி, கொஞ்சம் தள்ளியே உக்காருங்க. இல்ல, இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும். மேல கம்பியில வச்சா இறங்குறப்ப இருக்கும்னு என்ன நிச்சயம்? உங்களச் சொல்லல, பொதுவாச் சொன்னேன்.

கழுத்துல தொங்குறது என்ன, பைனாகுலரா? எதுக்கு? ஓகோ, வரையாடு எண்ணப் போறீங்க. அப்ப பாரஸ்ட்டு. இல்லையா, காலேஜா? சரி, காலேஜுன்னே வச்சுக்குவம். முன்ன எங்க எஸ்டேட் லைன் வீட்டுக்கு ஒருத்தன் வந்தான், அவனும் பாரஸ்ட்டுன்னா சொன்னான்? தேன் வாங்க வந்தேன்னுதான் சொன்னான். என் பேரா? ஆடு எண்ணப் போறவருக்கு ஆளு பேரு எதுக்கு?

நான் கல்யாணத்துக்குப் போறேன். குளிராத்துப் பாலத்துல இறங்கணும். எங்கக்கா மகளுக்குக் கல்யாணம், நாகஜோதின்னு பேரு. நான்தான் தாய்மாமன். பையில மாலையும் பட்டும் இருக்கு. சம்பங்கி மால. கட்டி முடிக்கிற வரைக்கும் பூக்கடையிலயே உக்காந்திருந்தேன். நாம அங்கிட்டுத் திரும்புனா உள்ளுக்குள்ள பழைய பூவ வச்சுச் சுத்திருவாய்ங்க. மத்த சீர்த்தட்டெல்லாம் என் சம்சாரம் பவுனுத்தாய் முந்தாநாளே தூக்கிட்டுப் போயிட்டா. என்ன அவசரமோ அவளுக்கு.

மாலையப் போடுவேனான்னு கேட்டா, அது எனக்கே தெரியாது. ஒரு ஆளு ஒரு வார்த்த சொல்லணும். அம்புட்டுப் பேருக்கும் நடுவுல, சபையில வச்சுச் சொல்லணும். 'ஆமாப்பா, நான்தான் காட்டிக் குடுத்தேன்'னு. சொன்னா மால வெளிய வரும். இல்லைன்னா இந்தப் பை இப்படியே கீழ இறங்கிரும். அந்த ஆளு வேற யாரும் இல்ல, பொண்ணோட அப்பன். என் மச்சான், வீரணன்.

முழிக்காதீங்க, காரணம் இல்லாமலா சொல்றேன். பாலம் வர்றதுக்குள்ள இன்னும் எம்புட்டோ கொண்டை ஊசி கெடக்கு, சொல்றேன். ஆனா அந்தப் போன உள்ள வைங்க. ரெக்கார்டு கிக்கார்டு போடலையே? காட்டுங்க. சரி.

எஸ்டேட்டைப் பூட்டுன வருசம் அது. கூலிப் பிரச்சனன்னு இழுத்துக்கிட்டே போயி, மொதலாளி ஆபீஸ்ல பூட்டப் போட்டுட்டுக் கீழ இறங்கிட்டான். தேயில ஆளு ஒசரத்துக்கு வளந்து காடாப் போச்சு. லைன்ல இருந்தவுக பாதிப்பேரு மூட்டையக் கட்டிட்டாக. நாங்க போகல, நானும் மச்சானும். அடுத்தடுத்த வீடு, நடுவுல ஒத்தச் செவுரு. அவுக வீட்டுல கரண்டி விழுந்தா எங்க வீட்டுல கேக்கும். எங்கக்கா ஒச்சம்மா இடுப்புல இந்த நாகஜோதி கைப்புள்ள. என் சம்சாரம் மாசமா இருந்தா. தெனம் ரேஷன் அரிசிக் கஞ்சியும் காட்டுக்கீரையும். மாசமா இருக்கவ கஞ்சியப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிறா. அதப் பாத்துக்கிட்டு ஒரு ஆம்பள எப்படி உக்காந்திருக்கச் சொல்றீங்க?

அப்பத்தான் மச்சான் சொன்னாரு, "மாப்ள, மொட்டவரையில ஆடு நிக்குது"ன்னு. நல்லாக் கவனிங்க. முதல்ல வாயெடுத்தது அவரு.

சட்டம் இருக்குறது தெரியும் தம்பி. அப்பவே உண்டு. தெரிஞ்சுதான் போனோம். எங்கய்யா வச்சிருந்த நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு பரண்ல கெடந்துச்சு, அத எறக்குனேன்.

நீங்க படிச்சிருப்பீங்க, இருந்தாலும் சொல்றேன். வரையாட்டுக்குப் பயமெல்லாம் கீழயிருந்துதான். புலி, செந்நாய் எல்லாம் கீழருந்துதான் ஏறி வரும்னு அதுக்கு நெனப்பு. அதனால கூட்டம் மேயுறப்ப ஒரு கெழட்டுப் பெட்ட மட்டும் பாறமேல ஏறி நின்னு பள்ளத்தையே பாத்துக்கிட்டு இருக்கும். எதுவும் அசைஞ்சா ஒரு விசிலு. அம்புட்டுத்தான், மொத்தக் கூட்டமும் செவுத்துல பல்லி ஏறுற மாதிரி வரையில, அதான் செங்குத்துப் பாறையில, ஏறிப் போயிரும். ஆனா மேல பாக்காது. தலைக்கு மேல ஒருத்தன் உக்காந்திருந்தாலும் அதுக்குத் தோணாது. அம்புட்டு உசாரான சென்மம், ஆபத்து எங்கிட்டிருந்து வருதுன்னு மட்டும் தெரியாது. எனக்கு அதுல சிரிப்புத்தான் வரும்.

அதனால ஒருத்தன் சுத்திப் போயி உச்சியில படுத்துக்கணும். இன்னொருத்தன் கீழ பள்ளத்துல நின்னு ஆட்டுக்குத் தெரியற மாதிரி நடமாடணும். ஆடு அவனப் பாத்துட்டு மேல ஏறும், நம்ம குழலுக்கு முன்னாடி வந்து நிக்கும். பொழுது ஏற ஏறக் காத்தும் கீழருந்து மேலதான் வீசும், நம்ம வாடை அதுக்குப் போகாது.

ஆடு எங்கிட்டுப் பொழங்குதுன்னு புல்லப் பாத்தாத் தெரியும். மலைப்புல்ல ஒருக்கா மிதிச்சா சாயும், மறுநாளு எந்திரிச்சுக்கும். திரும்பத் திரும்ப மிதிச்சா எந்திரிக்காது. கோடு விழுந்துரும். எதுத்த மலையில நின்னு பாத்தா தலையில வகிடு எடுத்த மாதிரி தெரியும். ஆட்டுத்தடம் வளைஞ்சு வளைஞ்சு போகும், பன்னித்தடம் கலஞ்சு கெடக்கும், மனுசத்தடம் நேராப் போகும். எங்கய்யா சொல்லிக் குடுத்தது. அதுல எல்லாம் என்னைய அடிச்சுக்க ஆளு கெடையாது.

அன்னைக்கு மஞ்சு மூடிக் கெடந்துச்சு. நான் பின்பக்கமா ஏறி, மொட்டவரை உச்சியில ஈரப்பாறையில குப்புறப் படுத்துட்டேன். கீழ என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியல. மச்சான் நிக்கிறாரா, இல்ல என்னைய அங்க விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாரா? அந்த நெனப்பு எனக்கு வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் மஞ்சு வெலகுச்சு. செவப்புத் துண்ட ஆட்டிக்கிட்டு பள்ளத்துல நிக்கிறாரு. விசிலு கேட்டுச்சு. பெட்டைகளும் குட்டிகளும் என் மூஞ்சிக்கு நேரா ஏறி வருது. பெட்டையத் தொடக்கூடாது, அது எங்க மொறை. கடைசியில ஒரு கெடா வந்துச்சு. கருத்த ஒடம்பு, முதுகுல சாம்பல் பூசுன மாதிரி வெள்ள. அதோட மூச்சு எனக்குக் கேக்குது. சுட்டேன்.

சத்தம் கேக்காதான்னா, கேக்கும். எதுத்த மேட்டுல பாரஸ்ட்டு வாச்சர் கொட்டாய் இருந்துச்சு, அதோட தகரக் கூர எங்க லைன்லருந்து பாத்தாலே மின்னும். ஆனா பன்னிய வெரட்ட எப்பவும் எங்கயாச்சும் வெடி போட்டுக்கிட்டேதான் இருப்பாய்ங்க, அதோட அதாப் போயிரும். சத்தத்துக்கு யாரும் வரல.

கெடா உருண்டு போயி நட்டநடு வரையில ஒரு திட்டுல மாட்டிக்கிச்சு. ஒருத்தன் கயித்துல இறங்கித்தான் எடுக்கணும். மச்சான் சுத்தி மேல ஏறி வந்தாரு. வந்த மனுசன் தேன் எடுக்குற கயித்த இடுப்புல கட்டுனாரு, மறுமுனைய என் கையில குடுத்தாரு, இறங்கிட்டாரு. முடிச்ச இழுத்துப் பாக்கல. நான் கால ஊனி நிக்கிறேனான்னு பாக்கல. திரும்பி ஒரு பார்வ கெடையாது. கீழ பாத்தா மேகம்தான் தெரியுது, அம்புட்டு ஆழம். எனக்கு ஒரே யோசன. என்னடா இது, இந்த ஆளுக்கு எங்கிருந்து வந்துச்சு இம்புட்டுத் தைரியம்? நானா இருந்தா கயித்தப் புடிக்கிறவன் மூஞ்சிய ஒரு நாழி பாத்துட்டுத்தான் கால எடுப்பேன். அன்னைக்கே எனக்கு அந்த ஆளுமேல ஒரு இது விழுந்துருச்சு.

கெடாவ ஏத்துனோம். ஈரல மொத வெட்டி இலையில வச்சு மலைக்குப் படச்சோம். அந்த ஈரல மட்டும் அன்னைக்கே கொண்டு போயி வீட்டுல குடுத்தோம், பவுனுத்தாய் தின்னா. மிச்சத்த ஒரே மூச்சுல கொண்டு வர முடியாது, வழியில வாச்சருக ஆளு போட்டிருந்தாய்ங்க. மொட்டவரைக்கு அடியில ஒரு பொடவு உண்டு. பாறைக்கு அடியில குகை மாதிரி, ஒரு ஆளு படுத்துத்தான் நுழையணும். அதுக்குள்ள கறியக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவிக் கயித்துல தொங்கவிட்டோம். துப்பாக்கியையும் அங்கயே வச்சோம். தீ மூட்டல, அதனால பொக இல்ல. வாய்க்குக் கல்ல வச்சு அடச்சோம், அதனால கழுகும் காக்காயும் வட்டம் போடல. அந்தப் பொடவு இருக்குறது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் மச்சானுக்கும். வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

கல்ல அடச்சிட்டுக் கையக் கழுவுறப்ப மச்சான் சொன்னாரு பாருங்க. "மாப்ள, வழி ஓயுற வரைக்கும் இந்தப் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்காதீங்க. கறி எங்கயும் போகாது."

ஏன் அப்படிச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க தம்பி. என் துப்பாக்கி, நான் சுட்ட கெடா, அதுல என் பங்கு. நான் ஏன் போகக்கூடாது? நான் போகாம இருந்தா யாருக்கு வசதி?

அன்னைக்குப் படுத்தா தூக்கம் வரல. செவுத்துக்கு அங்கிட்டு மச்சான் கொறட்ட விடுறாரு. நெசக் கொறட்டையா, நடிப்பான்னு கேட்டுக்கிட்டே கெடந்தேன். கோழி கூப்பிட எந்திரிச்சுப் போனேன். பொறவாசல் வழியா எறங்கி, புல்லுச் சரிவுல நேரா மொட்டவர. கல்ல நகட்டிப் பாத்தா கறி வச்சது வச்ச மாதிரி இருக்கு. மனசு ஆறிருச்சு. வந்து படுத்துட்டேன். மறுநாளும் அதே நேரத்துக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு, போனேன். அப்புறம் தெனமும் போனேன். நம்பிக்க இல்லாம இல்ல. ஒரு இதுக்குத்தான். அதுவும் எம்புட்டுச் சாக்கிரதங்கிறீங்க. செருப்புப் போடல, பீடி பத்த வைக்கல, ஒருத்தர் கண்ணுல படல. பனியில முழங்கால் வரைக்கும் வேட்டி நனைஞ்சு வருவேன், அத என் சம்சாரத்துக்குத் தெரியாம அடுப்போரம் காயப் போடுவேன்.

மச்சான் ஒரு நாளும் போகல. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். புள்ளைய மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பாரு. பசிச்ச மனுசன், அவரு பங்குக் கறி அங்க தொங்குது, ஒருக்காக்கூடப் போய்ப் பாக்கத் தோணலைன்னா என்ன அர்த்தம்? அது தனக்கு வரப்போறதில்லைன்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

அப்பத்தான் அந்தத் தேன் வாங்குறவன் வந்தான். லைன சுத்திச் சுத்தி நடந்தான், எந்த வீட்டுல யாருன்னு பேரக் கேட்டான். தேன் இல்லைன்னு சொன்னேன், சிரிச்சுக்கிட்டே போனான். மறுநாளு விடிஞ்சதும் வந்துட்டாய்ங்க. ரேஞ்சர் ஒருத்தரு, கூட வாச்சருக. அந்தத் தேன்காரனும் காக்கிச் சட்டையோட நிக்கிறான். பொடவுல தொங்குன கறி சாக்குல, என் துப்பாக்கி ஒருத்தன் தோள்ல. எங்க வந்து நின்னாய்ங்க தெரியுமா? என் வீட்டுப் பொறவாசல்ல. முன்வாசல் இருக்கு, லைன்ல அம்புட்டு வீடு இருக்கு. மலையிலருந்து எறங்குனவன் ஒரு கதவையும் தட்டாம, ஒருத்தரையும் விசாரிக்காம, நூல் புடிச்ச மாதிரி என் வீட்டுப் பொறவாசல்ல வந்து நிக்கிறான்னா, ஆளு சொல்லாம எப்படித் தம்பி முடியும்?

"மாயழகு யாரு?"ன்னான். அட, பேரு வாயில வந்துருச்சு. சரி, கேட்டுட்டீங்க. மறந்துருங்க.

நான் வாயத் தெறக்கல. உள்ள பவுனுத்தாய் நெறமாசமா கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. அதுக்குள்ள அடுத்த வீட்டுலருந்து மச்சான் வந்துட்டாரு. கைப்புள்ளைய எங்கக்காகிட்ட குடுத்துட்டு நேரா முன்னாடி வந்து நிக்கிறாரு. "துப்பாக்கி என்னுதுங்க. ஆடும் நான் அடிச்சது. இவருக்கு ஒண்ணும் தெரியாது, விட்டுருங்க"ங்கிறாரு. அவரத்தான் புடிச்சிட்டுப் போனாய்ங்க.

கேட்டீங்களா? அவர யாரு கேட்டா? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கததான. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். காட்டிக் குடுத்தாச்சு, பொண்டாட்டி தம்பியப் புடிக்க வந்து நிக்கிறத நேர்ல பாக்குறப்ப மனசு கேக்கல, அதான் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டாரு. இல்லாட்டி எவனாச்சும் அடுத்தவன் துப்பாக்கிய என்னுதும்பானா? என் சம்சாரம் இதுக்கு வேற கணக்குச் சொல்லுவா. "அண்ணன் போனதாலதான் எம்புள்ள பொறந்தன்னைக்கு தகப்பன் மொகத்தப் பாத்துச்சு"ம்பா. பொம்பளைங்களுக்கு எதையும் ஆழமா யோசிக்கத் தெரியாது.

கோர்ட்டுக்கு நானும் போனேன். வெளிய மரத்தடியில அந்த ரேஞ்சர் நின்னுக்கிட்டு இருந்தாரு. தைரியத்த வரவழச்சுக்கிட்டுக் கேட்டுட்டேன். "சார், யாரு சார் உங்களுக்குச் சொன்னது?" அந்த ஆளு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "யாரும் சொல்லலய்யா. கொட்டாயில உக்காந்து பாத்தோம். நீதான தெனம் வழி காட்டுன"ன்னு சொல்லிட்டு, டீக் கிளாஸ வச்சுட்டுப் போயிட்டாரு. எப்படிச் சமாளிக்கிறான் பாத்தீங்களா? உளவு சொன்னவனக் காப்பாத்த பழிய என் பக்கமே திருப்பி விடுறான். அதுலயே எனக்கு உறுதியாயிருச்சு. யாரும் சொல்லலைன்னா ஏன் 'யாரும் சொல்லல'ன்னு சொல்லணும்?

மச்சான் மாசக்கணக்குல உள்ள இருந்துட்டு வந்தாரு. மூஞ்சியும் காலும் ரெண்டு சுத்துப் பெருத்து வந்தாரு. உள்ள நல்லாக் கவனிச்சிருக்காய்ங்கன்னு நெனச்சேன். ஆனா அதுக்கப்புறம் மலையேற முடியல அவரால, இன்னைக்கும் அந்தக் கால இழுத்துத்தான் நடக்குறாரு. உப்பு நீர் கோத்த வீக்கம்னு டாக்டர் சொன்னாராம். டாக்டருக்கு என்ன, எதையாச்சும் சொல்லுவாரு.

வந்தவர நான் கோயிலுக்குக் கூப்பிட்டேன். கன்னிமார் கல்லு முன்னாடி சூடத்தப் பொருத்தி, "மச்சான், நீங்க சொல்லலைன்னா இத அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க"ன்னேன். எங்கக்கா அழுதா. மச்சான் என்னைய ஒரு பார்வ பாத்தாரு. உள்ளங்கைய நீட்டி எரியிற சூடத்து மேல வச்சு அமுக்குனாரு. "மாப்ள, இதுக்கு மேல எனக்குத் தெரியலப்பா"ன்னாரு. கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தேன், கொப்பளம் இல்ல. வர்றப்பவே கைய நனச்சிக்கிட்டு வந்திருக்காரு. அன்னைக்கோட நான் லைன விட்டுக் கீழ எறங்கிட்டேன். எஸ்டேட் தொறந்தப்பக்கூடத் திரும்பப் போகல.

நாகஜோதி வயசுக்கு வந்தப்ப சொல்லிவிட்டாக. தாய்மாமன் குடிச கட்டணும்ல, அதான. நான் போகல. அவுக அப்பனே தென்னங்கீத்துல கட்டுனாராம், அந்தக் கால வச்சுக்கிட்டு. பெறகு அந்தப் புள்ள நர்சுக்குப் படிக்கக் கீழ வந்துச்சு. ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்டுல நிக்கும். "மாமா, அத்த வச்ச கொழம்பு வேணும்"னு உரிமையா உக்காந்து சாப்புடும். எனக்கு பிரசர் பாக்கும், மாத்திரைய எடுத்து வைக்கும். நல்ல புள்ளதான். வேவு பாக்க அனுப்பிச்சிருப்பாருன்னு மொதல்ல நெனச்சு, அது வந்தா பீரோவப் பூட்டுவேன். ஒரு நாளு, "மாமா, நீங்க எதப் பூட்டுனாலும் நான் அடுப்படிக்குத்தான் போவேன்"னு சிரிச்சுச்சு. தானாடாட்டியும் தன் சத ஆடும்பாக. அந்தப் புள்ளைக்குப் பூட்டுறத அன்னைக்கோட விட்டுட்டேன்.

இப்பக் கல்யாணம். மச்சான் தாம்பாளத்தோட வந்து என் வீட்டுப் படிக்குக் கீழ நின்னாரு. நான் வாங்கன்னு கூப்பிடல. படியில ஏறாம, தட்ட வாசல்ல வச்சுட்டு, "மாமன் மால விழாம மணவறையில உக்கார மாட்டேங்குது உங்க மருமக. எம்மேல உள்ளதக் கோர்ட்டுல வைங்க, கோயில்ல வைங்க. அது மேல வச்சிராதீங்க"ன்னாரு. கால இழுத்துக்கிட்டே போயி பஸ் ஏறுனாரு. எனக்கு நெஞ்சு ஒரு மாதிரியாப் போச்சு. போச்சுதான், இல்லைங்கல. ஆனா ஒண்ணு. உண்மைய ஒரு வார்த்த சொல்லிட்டா நான் என்ன அவரத் தூக்குலயா போடப்போறேன்? சபையில கேக்கத்தான் போறேன். ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லல. அப்ப யாரு? இதுக்கு எந்தக் கோர்ட்டுல பதில் இருக்கு?

தம்பி, என்ன அங்க காட்டுறீங்க? ஆமா, அதான் மொட்டவர. இந்த வளைவுல திரும்புனா நேரா எதுத்தாப்ல தெரியும். அந்தக் காலத்துல வாச்சர் கொட்டாய் இருந்த மேடு இதுதான், நடுவுல ரோட்டப் போட்டுட்டாய்ங்க. எது? புல்லுல கோடா? குடுங்க அந்தக் கண்ணாடிய. எங்க? ஆங், தெரியுது. நல்லாத் தெரியுது.

ஆட்டுத்தடமான்னு கேக்குறீங்களா? காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா? ஆட்டுத்தடம் இப்படியா இருக்கும். இது மனுசன். வளைவு நெளிவு இல்லாம நேராப் போகுது பாருங்க. ஒரே ஆளுதான், தடம் அகலமா இல்ல. வெறகுக்குப் போறவன் இல்ல, அவன் அங்கிட்டும் இங்கிட்டும் அலைவான், கோடு கிளை பிரியும். இவன் ஒரே எடத்துக்குப் போறான், ஒரே வழியில திரும்பி வாரான். தெனமும் போறான், இல்லாட்டி இம்புட்டு அழுத்தமா விழாது. எதையோ ஒளிச்சு வச்சிருக்கான் பாறைக்கு அடியில. வச்சிட்டுச் சும்மா கெடக்க மாட்டாம, போயிப் போயிப் பாத்துட்டு வாரான். கூறுகெட்ட பய. இந்த மேட்டுல ஒருத்தன் உக்காந்திருந்தா போதுமே, கோட்டப் புடிச்சு ஒரு பக்கம் போனா சரக்கு, மறுபக்கம் போனா அவன் வீட்டுப் பொறவா...

...

இல்ல, ஒண்ணும் இல்ல. பஸ்ஸு குலுங்குது. ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? எதுக்கு என் மூஞ்சியவே பாக்குறீங்க?

கண்ணாடிய இன்னொருக்காக் குடுங்க. வேணாம், வேணாம். மஞ்சு வந்துருச்சு. தண்ணி இருக்கா? ஒரு வாய் குடுங்க.

நீ எந்த ஊருப்பா? யாரு உன்னைய இந்தச் சீட்டுல உக்காரச் சொன்னது? பஸ்ஸு பூராக் காலியாக் கெடந்துச்சு, நீ ஏன் எம்பக்கத்துல வந்து உக்காந்த? மச்சான் அனுப்புனாரா? நெசத்தச் சொல்லு. அந்தக் கோட்ட எதுக்கு எங்கிட்டக் காட்டுன? காலேஜாம் காலேஜு. ஆடு எண்ண வந்தவனுக்கு ஆட்டுத்தடம் எது, மனுசத்தடம் எதுன்னு தெரியாதாக்கும்.

மேளச் சத்தம் கேக்குதா? பாலம் வந்துருச்சு. தாய்மாமன் சீர எதிர்கொண்டு கூப்பிட வந்திருக்காய்ங்க. அந்தா நிக்கிறாரு பாரு, வெள்ள வேட்டி, கையில கம்ப ஊனிக்கிட்டு. அவருதான். அந்தக் கால வச்சுக்கிட்டு இம்புட்டுத் தூரம் எறங்கி வந்திருக்காரு. இறங்குற படியவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஜன்னல்ல நான் இருக்குறது அவருக்குத் தெரியல. எம்புட்டு நரைச்சுப்போச்சு.

கண்டக்டர், இருப்பா, இறங்கணும். வயசானவன், பைய இறங்குறேன்.

மால வாடல, பாத்தியா? சம்பங்கி தாங்கும். போட்டுத்தான ஆகணும், புள்ள காத்துக்கிட்டு இருக்கும். சபையில இன்னைக்கு என்ன கேக்குறது, கல்யாண வீடு. கெடக்கட்டும். கொஞ்சம் கால மடக்கு.

குனி, காதக் குடு. மொட்டவரையில நீ காட்டுன அந்தக் கோடு, நான் அதுக்குச் சொன்ன வெவரம், இது இந்த பஸ்ஸுல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். உனக்கும் எனக்கும். நான் சொல்ல மாட்டேன். நாளப்பின்ன மச்சான் காதுக்குப் போச்சுன்னா, சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்.